மழை முதலில், குதிரை பிறகு: சிம்ஸ் 4-க்கு எந்த பேக் வாங்கலாம்?

பிறந்தநாளுக்கு மாமா கொடுத்தது, அத்தை கொடுத்தது, தாத்தா யாருக்கும் தெரியாமல் கையில் திணித்தது என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு அக்கா மகள் போன் செய்தாள். “சித்தி, குதிரை பேக் வாங்கித் தர்றீங்களா? காசு நான் தந்துடறேன்.” காசு அவளுடையது, கார்டு என்னுடையது. அதனால் என்னிடம் கேட்க வேண்டியதாயிற்று.

சிம்ஸ் 4 என்பது ‘சிம்’ என்கிற குட்டி மனிதர்களுக்கு வீடு கட்டி, குடும்பம் நடத்த வைக்கும் கேம். பேக் என்பது அதில் காசு கொடுத்துச் சேர்க்கும் கூடுதல் பகுதி. ஆறு மாதமாக அவள் அடிப்படை கேமை மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறாள். 2022 அக்டோபரிலிருந்து அது இலவசம். நான் முதல் சிம்ஸ் காலத்து ஆள். ப்ரௌசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து வீடு கட்டுவேன். மறுநாள் போனால் வேறு யாரோ அந்த வீட்டின் கதவுகளையெல்லாம் எடுத்துவிட்டு என் சிம்மை உள்ளே பூட்டி வைத்திருப்பார்கள். அந்த அனுபவத்தில்தான் “ஒரு வாரம் பொறு, யோசிச்சுச் சொல்றேன்” என்றேன். யோசித்ததை எழுதியும் வைத்தேன்.

முதலில் கணக்கு. சிம்ஸ் 4 வந்தது 2014 செப்டம்பரில். எக்ஸ்பான்ஷன் என்ற பெரிய பேக்குகள் 2015 மார்ச்சிலிருந்து வரத் தொடங்கின. 2025 முடிவதற்குள் 20 ஆகிவிட்டன. ஒன்றின் முழு விலை 40 டாலர். இருபதையும் வாங்கினால் 800 டாலர். இவற்றுக்குக் கீழே 20 டாலர் கேம் பேக், 10 டாலர் ஸ்டஃப் பேக், 5 டாலர் கிட் என்று இன்னும் மூன்று படிகள் இருக்கின்றன. 5 டாலர் கிட்டில் பெரும்பாலும் புது ஆட்டம் எதுவும் கிடையாது, துணிமணியும் சாமான்களும்தான். மும்பைத் தெருக்கடைகளைப் பார்த்துச் செய்த ஃபேஷன் ஸ்ட்ரீட் கிட் அப்படி ஒன்று, 2021-இல் வந்தது. அழகாக இருக்கும், ஆனால் உங்கள் சிம்மின் வாழ்க்கையில் ஒன்றும் நடக்காது.

ஆக, கையில் இரண்டு அல்லது மூன்று பேக்குக்குத்தான் காசு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? பெரும்பாலோர் அந்த பேக்கோடு வரும் ஊரைப் பார்த்து வாங்குகிறார்கள். கடற்கரை, பனிமலை, பண்ணை. முதல் மூன்று நாள் அந்த ஊரைச் சுற்றிப் பார்ப்பார்கள். பத்தாவது நாள் பழைய குடும்பத்துக்கே திரும்பிவிடுவார்கள். நாம் வருஷக்கணக்கில் ஆடுவது அந்தப் பழைய குடும்பத்தைத்தான்.

அதனால் நான் பார்ப்பது ஒன்றுதான்: நான் எதுவும் செய்யாமல் சும்மா இருந்தாலும் இந்த பேக் என் வீட்டுக்குள் வருமா, இல்லை நான்தான் அதைத் தேடிப் போக வேண்டுமா? சில பேக்குகள் மழை மாதிரி, வீடு தேடி வரும். சில பேக்குகள் கடல் மாதிரி, நாம்தான் பஸ் பிடித்துப் போக வேண்டும்.

மழையோடு வரும் பேக்

முதல் வகைக்கு அசல் உதாரணம் சீசன்ஸ். 2018 ஜூனில் வந்தது. இதோடு புதிய ஊர் எதுவும் வராது, அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் இதன் பலமாகத் தெரிகிறது. இருக்கிற எல்லா ஊரிலும் மழை, வெயில், பனி, இடி எல்லாம் இதனால் வந்துவிடுகின்றன. பாலைவன ஊரான ஒயாசிஸ் ஸ்பிரிங்ஸில் பனி கொட்டாது. ஊருக்கு ஏற்றபடி பருவம் மாறும்.

இது எப்படி வீட்டுக்குள் வரும் என்பதற்கு என் கதையையே சொல்கிறேன். கேமில் வரும் நியூகிரெஸ்ட் என்ற ஊரில் நான் கட்டியிருந்தது ஒரு முற்றம் வைத்த வீடு. நான்கு பக்கமும் தாழ்வாரம், நடுவில் திறந்த முற்றம், ஒரு மூலையில் படுக்கையறை, எதிர்மூலையில் குளியலறை. இரண்டு வருஷம் அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. சீசன்ஸ் போட்டேன். முதல் குளிர்காலத்தில் முற்றம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. நடு ராத்திரியில் தாத்தா இரவு உடையோடு எழுந்து, பனியை மிதித்துக்கொண்டு, நடுங்கியபடியே எதிர்மூலைக்குப் போகிறார். போனவர் திரும்பி வர வேண்டுமே! இந்த கேமில் குளிரில் உறைந்து செத்துப்போகலாம். கொதிக்கும் வெயிலில் தவறான உடுப்போடு நின்றாலும் சாகலாம். அவசர அவசரமாகக் குளியலறையை இந்தப் பக்கம் மாற்றிக் கட்டினேன். வீட்டு வரைபடத்தையே மாற்ற வைத்த பேக் எனக்கு இது ஒன்றுதான்.

சீசன்ஸின் இன்னொரு பாதி காலண்டர். ஒரு பருவம் 7 நாள். வேண்டுமானால் 14 அல்லது 28 நாள் என்று நீட்டிக்கொள்ளலாம். அதில் பண்டிகைகளை நாமே உருவாக்கலாம். பெயர் வைக்கலாம், சின்னம் தேர்ந்தெடுக்கலாம், பள்ளிக்கும் வேலைக்கும் விடுமுறை விடலாம், ஐந்து வழக்கங்கள் வரை சேர்க்கலாம். என் காலண்டரில் இலையுதிர் காலத்தில் தீபாவளி வருகிறது: பட்டாசு, பெரிய விருந்து, பரிசு கொடுத்தல். யார் யார் எந்த வழக்கத்தை முடித்தார்கள் என்று கேம் கணக்கு வைத்துக்கொள்கிறது. முடிக்காதவர் முகம் தொங்கிப்போகும். வீட்டுக்குள் பட்டாசு கொளுத்தினால் தீப்பிடிக்கும் என்பதை முதல் தீபாவளியிலேயே தெரிந்துகொண்டேன். பொங்கலுக்குத்தான் கொஞ்சம் சிரமம். பொங்கப் பானை கிடையாது. ‘பெரிய விருந்து’ என்பதையே வைத்து ஒப்பேற்ற வேண்டும்.

தோட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சீசன்ஸ் வந்தபின் செடிகளும் பருவம் பார்த்துத்தான் காய்க்கும். வருஷம் முழுக்க ஸ்ட்ராபெரி விற்றுக் காசு பார்த்தவர்கள் கொஞ்சம் திட்டுவார்கள்.

பிள்ளை வளர்ப்பில் மூன்று வழிகள்

குடும்பம் ஆடுகிறவர்கள் உடனே பார்ப்பது க்ரோயிங் டுகெதர். 2023 மார்ச்சில் வந்தது. இதைப் பற்றி ஒரு தவறான எண்ணம் இன்னும் இருக்கிறது: தவழும் குழந்தைகள் வேண்டுமென்றால் இதை வாங்க வேண்டும் என்று. வேண்டாம். அந்தக் குழந்தைப் பருவம் பேக் வருவதற்கு இரண்டு நாள் முன்பே எல்லோருக்கும் இலவச அப்டேட்டாக வந்துவிட்டது. நடை பழகும் பிள்ளைகளும் அப்படித்தான் 2017 ஜனவரியில் இலவசமாக வந்தார்கள். நீச்சல் குளம்கூட 2014-இல் கேம் வெளியாகும்போது இல்லை, சில வாரம் கழித்துத்தான் சேர்த்தார்கள். அதனால் எதையும் வாங்குமுன் அது அடிப்படையிலேயே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

க்ரோயிங் டுகெதரில் காசுக்கு உண்மையில் கிடைப்பது உறவுகளின் குணம். அப்பாவுக்கும் மகனுக்கும் இடையில் கண்டிப்பா, கேலியா, நெருக்கமா, எப்போதும் முட்டலா என்று வைக்கலாம். அது அவர்கள் பேசும் விதத்தையே மாற்றும். பிள்ளைகள் செய்கிற காரியத்தைப் பொறுத்துப் புதுக் குணங்கள் அவர்களாகவே கண்டுகொள்வார்கள். முதல் அடி, முதல் முத்தம், முதல் வேலை எல்லாம் அவரவர் ஏட்டில் பதிவாகும். நடுவயதில் ஒருத்தருக்கு “இவ்வளவு நாள் என்ன செய்தோம்” என்ற தவிப்பு வரும். சொந்தக்காரர் வந்து சில நாள் தங்குவார்கள். கூட்டுக் குடும்பம் ஆடுகிறவர்களுக்கு இது தானாக வீட்டுக்குள் வரும் பேக்தான், சந்தேகமில்லை.

ஆனால் விலை பாதியாக இருக்கும் பேரன்ட்ஹுட் என்ற கேம் பேக்கை முதலில் பாருங்கள் என்பேன். 2017-இல் வந்த பழைய சரக்கு. பிள்ளைகளுக்கு ஐந்து பண்புகள்: மரியாதை, பொறுப்பு, பிறர் வலி உணர்தல், சண்டையைத் தீர்த்தல், கோபத்தை அடக்குதல். தட்டைக் கழுவி வைத்தால் ஒன்று ஏறும், தங்கையைத் திட்டினால் இன்னொன்று இறங்கும். பெரியவனாகும்போது அது நிரந்தரக் குணமாகப் படிந்துவிடும். பள்ளிக்கூட ப்ராஜெக்ட் வேறு உண்டு. பிள்ளைக்குக் கொடுத்த ப்ராஜெக்டை ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் காட்சியைப் பார்த்தபோது, இதைச் செய்தவர் வீட்டில் கண்டிப்பாகப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

இரண்டையும் ஒப்பிட்டால், பேரன்ட்ஹுட் பிள்ளையைப் பற்றியது, க்ரோயிங் டுகெதர் குடும்பத்தைப் பற்றியது. பிள்ளைகள் வளர்ந்து வீட்டை விட்டுப் போனதும் பேரன்ட்ஹுட்டுக்கு வேலை குறையும், மற்றதற்குக் குறையாது. தலைமுறை தலைமுறையாக ஆடுகிறவர் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. எல்லோரும் ஒருநாள் சாகத்தானே வேண்டும்? 2024 அக்டோபர் 31-இல் வந்த லைஃப் அண்ட் டெத் அந்த இடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. உயில் எழுதலாம்; யாருக்கு எந்தச் சொத்து, எந்தப் பழம்பொருள், சடங்கு எப்படி என்று சொல்லிவைக்கலாம். துக்கம் ஆளுக்கு ஆள் ஒவ்வொரு விதமாக வரும். இது இல்லாத காலத்தில் தாத்தா இறந்தால் சாவுக் கடவுள் வந்து கூட்டிப்போவார், ஒரு கலசம் மிஞ்சும், இரண்டு நாள் எல்லோரும் அழுவார்கள், முடிந்தது. இப்போது நான் சேமித்து வைத்து ஆடும் ஆட்டத்தில் ஒரு பாட்டி எல்லாப் பணத்தையும் கடைசிப் பேரனுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனாள். மூத்தவன் பக்கம் இருந்து நான் அதை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் புதிதாக ஆடுகிறவளுக்கு இதை முதல் பேக்காகச் சொல்ல மாட்டேன். உயில் சுவாரசியப்பட வேண்டுமானால் முதலில் குடும்பம் பெருக வேண்டும்.

ஃபிளாட்டா, போர்ஷனா?

சிட்டி லிவிங், ஃபார் ரென்ட் இரண்டும் ஒரே ஆசைக்கு விற்கப்படுகின்றன: அக்கம் பக்கம் ஆட்களோடு வாழ்வது. ஆனால் இரண்டும் வேறு வேறு.

2016-இல் வந்த சிட்டி லிவிங்கில் சான் மைஷுனோ என்ற பெருநகரம். அங்கே ஃபிளாட்டில் குடியிருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சத்தமாகப் பாட்டுப் போடுவார்கள். போய்க் கதவைத் தட்டித் திட்டலாம். வாடகை குறைந்த ஃபிளாட்டில் எலி ஓடும். தெருவில் சாப்பாட்டுக் கடைகள். அங்கே வாங்கிச் சாப்பிட்டே அந்தப் பண்டத்தைச் சமைக்கக் கற்றுக்கொள்ளலாம். சமோசாவும் உண்டு. மசாலாத் திருவிழாவில் காரக் குழம்பு தின்னும் போட்டி நடக்கும். கீதா ரசோயா, ராஜ் ரசோயா என்று ஒரு குடும்பமே அங்கே குடியிருக்கிறது. நகர வாழ்க்கை பிடித்தவர்களுக்கு இன்றுவரை இதைவிட உயிருள்ள ஊர் இந்த கேமில் இல்லை என்பது என் எண்ணம். குறை ஒன்று, அது பெரிய குறை. ஃபிளாட் கட்டடத்தை நாம் கட்ட முடியாது. கொடுத்த நான்கு சுவருக்குள் தடுப்பை மாற்றலாம், பெயின்ட் அடிக்கலாம், அவ்வளவுதான். மொத்தமும் அந்த ஒரு நகரத்தோடு கட்டுண்டது. கடல் வகை.

2023 டிசம்பரில் வந்த ஃபார் ரென்ட்டைத் தென்கிழக்கு ஆசியாவைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். டொமராங் என்ற அதன் ஊரில் இரவுச் சந்தையும் புலிக் காப்பகமும் உண்டு. கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் நம்மவர்கள் அந்தச் சந்தையைப் பார்த்துவிட்டு ஊர் ஞாபகம் கொள்வார்கள். ஆனால் காசு கொடுக்க வேண்டியது ஊருக்கு இல்லை. ஏறக்குறைய எந்த ஊரில் இருக்கும் மனையையும் ஆறு குடித்தனம் வரைக்கும் பிரித்துக் கட்டலாம் என்பதற்குத்தான்.

ஆமாம், போர்ஷன் வீடு. முன் போர்ஷனில் ஹவுஸ் ஓனர், பக்கத்தில் புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி, பின் போர்ஷனில் மூன்று பேச்சிலர்கள். நடுவில் எல்லோருக்கும் பொதுவான இடம் என்று ஒரு பகுதியைக் குறித்துவிடலாம். ஹவுஸ் ஓனர் விதி போடலாம், வாடகை வசூலிக்கலாம். குழாய் உடைந்தால் ஓடி வரவும் வேண்டும். வீட்டைக் கவனிக்காமல் விட்டால் குடித்தனக்காரர்கள் ஒன்று சேர்ந்து போராட்டம் பண்ணுவார்கள். ஒட்டுக்கேட்கலாம், பக்கத்து வீட்டு ரகசியத்தைத் துப்பறியலாம். ஆறு போர்ஷன் இருந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு இதற்கெல்லாம் விளக்கக் குறிப்பே தேவைப்படவில்லை.

கட்டுவதில் ஆர்வம் உள்ளவர் என்றால் ஃபார் ரென்ட். கட்டுவதே பிடிக்காது, ஆட்களைத் தெருவில் அலைய விட்டு வேடிக்கை பார்ப்பேன் என்றால் சிட்டி லிவிங். பழைய லேப்டாப்பில் ஆடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே மனையில் ஆறு குடும்பத்தின் சாமான்களும் நிரம்பினால் கேம் திணறும். என் 8 ஜிபி லேப்டாப்பில் மூன்று போர்ஷனோடு நிறுத்திக்கொண்டேன்.

எட்டு பேர் கணக்கு

இப்போது குதிரை. அக்கா மகள் கேட்டது 2023 ஜூலையில் வந்த ஹார்ஸ் ரான்ச். இதோடு ஒப்பிட வேண்டியவை இரண்டு: 2017-இன் கேட்ஸ் அண்ட் டாக்ஸ், 2021-இன் காட்டேஜ் லிவிங்.

இதில் யாரும் முதலில் யோசிக்காத ஒன்று இருக்கிறது. சிம்ஸ் 4-இல் ஒரு வீட்டுக்கு எட்டு பேர்தான் உச்சவரம்பு. நாயும் ஓர் ஆள், பூனையும் ஓர் ஆள், குதிரையும் ஓர் ஆள். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேர் இருக்கிற வீட்டில் நாய் ஒன்று, குதிரை ஒன்று வந்தால் முடிந்தது, அடுத்த குழந்தைக்கு இடமில்லை. காட்டேஜ் லிவிங்கில் வரும் மாடும் கோழியும் இந்தக் கணக்கில் சேராது. கொட்டிலைச் சேர்ந்தவை அவை.

காட்டேஜ் லிவிங்கை நான் மேலே வைக்க அது மட்டும் காரணமில்லை. கொட்டிலை எந்த ஊரிலும் வைக்கலாம். காலையில் கறக்க வேண்டும், தீவனம் வைக்க வேண்டும், கழுவிவிட வேண்டும். முட்டை எடுக்கப் போனால் நரி முந்திக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ‘எளிய வாழ்வு’ என்று ஒரு மனைச் சவால் உண்டு. அதைப் போட்டுவிட்டால் கையில் பொருள் இல்லாமல் சமைக்க முடியாது. தக்காளி வேண்டுமென்றால் தோட்டத்தில் விளைந்திருக்க வேண்டும், இல்லை கடையில் வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்திருக்க வேண்டும். அதுவரை காற்றிலிருந்து சமைத்துக்கொண்டிருந்த சிம் முதல்முறையாக “வீட்டில் என்ன இருக்கிறது” என்று பார்க்கிறாள். சீசன்ஸும் கூட இருந்தால் குளிர்காலத்துக்கு முன்பே யோசித்துச் சேர்த்து வைக்க வேண்டும். இரண்டு பேக் சேர்ந்து மூன்றாவது பேக் மாதிரி வேலை செய்வது இங்கேதான்.

பூனையும் நாயும் வேறு ரகம். அவற்றை நாம் ஆட்டுவிக்க முடியாது. அவற்றின் பசி, தூக்கம் எதுவும் பட்டையாகத் தெரியாது. பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். சிலருக்கு இது எரிச்சல். எனக்கு இதுதான் நாய் மாதிரி இருக்கிறது. வெள்ளெலி, எலி மாதிரி சின்ன உயிரைக் கூண்டில் வளர்க்க வேண்டுமென்றால் மை ஃபர்ஸ்ட் பெட் ஸ்டஃப் என்று தனியாக ஒன்று 2018-இல் விற்றார்கள். அதிலிருக்கும் பூனை நாய் உடைகள் பயன்பட வேண்டுமென்றால் கேட்ஸ் அண்ட் டாக்ஸும் வேண்டும். பேக்குக்கு ஒரு பேக்கா என்று அன்றைக்கு உலகமே திட்டியது. திட்டியது நியாயம்தான்.

குதிரை அழகு. ஒவ்வொரு குதிரையையும் நிறம் நிறமாக நாமே தீட்டலாம். பிள்ளைகளும் ஏறி ஓட்டலாம். பழக்கினால் நான்கு திறமைகள் ஏறும், போட்டிக்குக் கூட்டிப்போகலாம். ஆனால் குதிரை ஒரு முழுநேர வேலை. அதற்குத் தீனி, தேய்ப்பு, பயிற்சி. அதைச் சுற்றி ஆட்டம் அமைந்தால்தான் காசுக்கு ஈடாகும். சின்ன வீடு, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் என்று ஆடுகிறவள் ஒரு வாரத்தில் குதிரையைப் பின்கட்டில் மறந்துவிடுவாள். இதை அவளிடம் சொன்னேன். “நான் மறக்க மாட்டேன்” என்றாள். ஆறு மாதத்தில் அவள் பெயர் வைத்துக் கைவிட்ட குடும்பங்கள் பதினொன்று. எனக்குத் தெரியும், நான்தான் எண்ணிப் பார்த்தேன்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு

2015-இன் கெட் டு வர்க்கில் டாக்டர், துப்பறிவாளர், விஞ்ஞானி மூவரோடும் நாமே வேலைக்குப் போகலாம். முதல் டாக்டர் பதவி உயர்வு வரைக்கும் அருமை. அதற்கப்புறம் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போவது ஆடுகிற நமக்கும் வேலைக்குப் போவது மாதிரியே ஆகிவிடும். கடை வைக்கும் வசதியும் இதில் உண்டு, ஆனால் 2025 மார்ச்சில் வந்த பிசினசஸ் அண்ட் ஹாபீஸ் அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. வீட்டின் ஒரு பகுதியையே தொழிலிடமாக ஆக்கலாம். பொருளுக்கு விலை வைக்கலாம், உள்ளே வர டிக்கெட் போடலாம், மணிக்கு இவ்வளவு என்றும் வாங்கலாம். நான் முன்னறையில் ட்யூஷன் வைத்தேன். பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள், அம்மா பாடம் சொல்லிக்கொடுக்கிறாள், சமையலறையில் பால் பொங்குகிறதா என்று நான்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இன்று புதிதாக வாங்குகிறவர் இரண்டில் ஒன்று என்றால் யோசிக்காமல் பின்னதை எடுக்கலாம்.

தேடிப் போக வேண்டியவை

ஐலண்ட் லிவிங், ஸ்னோயி எஸ்கேப் இரண்டிலும் வருபவை விடுமுறைக்குப் போகிற மாதிரியான ஊர்கள். கடற்கரை அத்தனை அழகு, ஆனால் கடலுக்கடியில் மூழ்கினால் நமக்குத் தண்ணீரின் மேற்பரப்புதான் தெரியும். ஹை ஸ்கூல் இயர்ஸ் ஒரே ஒரு வயதுக்கு மட்டும். டிஸ்கவர் யுனிவர்சிட்டியில் ஒரு பட்டம் வாங்கிவிட்டு வெளியே வந்ததும் மறுபடி போகத் தோன்றாது. அரியர் வைத்த நினைவு உள்ளவர்களுக்கு முதல் தடவையே போகத் தோன்றாது.

இங்கே என் அளவுகோலில் இருக்கும் ஓட்டையையும் சொல்லிவிட வேண்டும். வீடு தேடி வருவதெல்லாம் நல்லது என்று ஆகிவிடாது. 2020-இன் ஈகோ லைஃப்ஸ்டைலில் அக்கம் பக்கத்தார் ஓட்டுப் போட்டு ஊருக்குத் திட்டங்கள் கொண்டுவருவார்கள். வந்த புதிதில் அது எல்லா ஊரிலும் பரவியது. ‘பகிர்ந்து வாழ்வோம்’ என்ற திட்டம் அமலானால் கண்ணில் படுகிற சாமானை யாரும் தூக்கிக்கொண்டு போகலாம். ராணி மாதிரி வாழ்ந்த என் ஒரு குடும்பத்தின் நாற்காலி நடுப்பகலில் கிளம்பிப் போனது. பிறகு அந்தத் திட்டங்களை நிறுத்தி வைக்க ஒரு வசதி வந்தது. கெட் ஃபேமஸும் கொஞ்சம் அந்த ரகம், கேட்காமலே புகழ் வந்து ஒட்டிக்கொள்ளும்.

யாரும் சொல்லாத ஒன்று: கெட் டுகெதர். 2015 டிசம்பர் சரக்கு. சங்கம் வைக்கும் பேக். எட்டு பேர் வரை சேர்த்து, கூடும்போது இதைத்தான் செய்ய வேண்டும், இதைச் செய்யக் கூடாது என்று விதிக்கலாம். பார்ட்டிக்காகச் செய்ததை நான் வீட்டு வேலைக்குப் பயன்படுத்துகிறேன். ‘சுத்தச் சங்கம்’ என்று குடும்பத்தையே உறுப்பினராக்கி, துடைப்பது, தோட்ட வேலை, சமையல் மட்டும் என்று விதி வைத்துவிட்டால், கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் தானாக வேலை பார்ப்பார்கள். நிஜ வீட்டில் நடக்காததை இங்கேயாவது பார்க்கலாம்.

கூடையில் என்ன போட்டோம்

அக்கா மகளுக்கு நான் சொன்னது இது. முழு விலையில் ஒரு எக்ஸ்பான்ஷன் வாங்கும் காசுக்கு, கோடை, குளிர்காலத் தள்ளுபடிகளில் பழைய பேக் இரண்டு வாங்கலாம். அப்போது சீசன்ஸை எடு, மிச்சத்துக்குப் பேரன்ட்ஹுட். அடுத்த பிறந்தநாளுக்கு உயிர்கள் வேண்டுமென்றால் காட்டேஜ் லிவிங். குதிரை அதற்கப்புறம். கட்டுவதில் பைத்தியமான என் தோழி ஒருத்தி கேட்டிருந்தால் வரிசை வேறு: ஃபார் ரென்ட் முதலில், சீசன்ஸ் இரண்டாவது. தலைமுறைகளாக ஒரே குடும்பத்தை ஆடுகிறவருக்கு சீசன்ஸ், க்ரோயிங் டுகெதர், பிறகு லைஃப் அண்ட் டெத். எந்த வரிசையிலும் சீசன்ஸ் முதல் இரண்டுக்குள் வந்துவிடுகிறது. நான் வேண்டுமென்று செய்யவில்லை.

வாங்கும்போது இரண்டு விஷயம். ப்ளேஸ்டேஷனில் வாங்கிய பேக் கணினிக்கு வராது, கணினியில் வாங்கியது அங்கே போகாது. எங்கே ஆடப்போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு வாங்குங்கள். கணினி கேம் விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினால், 14 நாளுக்குள், வாங்கிய பிறகு கேம் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஓடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். சாதாரண வேகத்தில் சிம்மின் ஒரு நாள் நமக்கு 24 நிமிடம். இரண்டு மணி நேரம் என்றால் ஐந்து நாள். அதற்குள் ஒரு பருவம்கூட மாறாது. ஆகவே பழைய குடும்பத்தின் சேமித்த ஆட்டத்தையே திறவுங்கள், மழை பெய்கிற வரைக்கும் மூன்றாம் வேகத்தில் ஓட்டுங்கள். புதிய சிம் உருவாக்கும் திரைக்கு மட்டும் போய்விடாதீர்கள். என் அக்கா மகள் மூக்கு சரியாக அமைய வேண்டும் என்று அங்கேயே ஒரு மணி நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தாள்.